நான் போடாத வட்டம்

உங்கள் கைப்புத்தகத்துக்கு ஏதாவது வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள், "நீங்க சொல்லுங்கம்மா, நாங்க எழுதிக்கிடுதோம்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்காக இன்னொருவர் எழுதி நான் ஒருமுறை பட்டது போதும். இதை நானே எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வருகிறது. எழுத்து பெரிசு பெரிசாக இருக்கும். அச்சில் சின்னதாக்கிக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் மாற்ற வேண்டாம்.

நீங்கள் எல்லோரும் ஓவிய ஆசிரியர்களாகப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் பகுதி நேரம். பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் உங்கள் பீரியடைக் கேட்பார். நீங்களும் கொடுத்துவிடுவீர்கள். கொடுக்கக் கூடாது என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. சொந்த ஊர் ராஜபாளையம். அங்கிருந்து பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய், மடவார் வளாகம் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் டிராயிங் டீச்சராக இருந்தேன். அந்தப் பள்ளியின் காகிதங்களில் நான் வேறு ஒன்றாக இருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயசில் பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் நூல் சுற்றினேன். பிறகு போட்டோ ஸ்டுடியோக்களுக்குத் திரை வரைகிற ஒருவரிடம் சாயம் கலக்கச் சேர்ந்தேன். மாஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். கல்யாண ஜோடி, மொட்டை அடித்த பிள்ளை, எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்கிற பின்னணித் திரை. ஒரு வருஷத்தில் என் கையில் பிரஷைக் கொடுத்துவிட்டார். அவர் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்.

"ஏட்டி பேச்சி, ரெண்டு மலை. நடுவுல சூரியன். இந்தப் பக்கம் ஓடை, அந்தப் பக்கம் தென்னை. நடுவுல ஆளு நிக்க எடம். அம்புட்டுதான் உலகம்."

நானும் வரைந்தேன். எத்தனை திரை என்று எண்ணியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உண்மையிலேயே மூடிக்கொண்டுதான் வரைந்திருக்கிறேன் என்பது பிறகு தெரிந்தது.

மலை அடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்த ஒரு வீட்டம்மா, புது வீட்டுக் கூடத்தில் மாட்டுவதற்கு நம் மலையை வரைந்து தா என்று கேட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நான் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது. பெரிய அட்டையில் எண்ணெய்ச் சாயம். மலைக்கு நடுவில் சூரியனைத் தங்கமாக எழுப்பி, சைக்கிள் ரிக்ஷாவில் வைத்துத் துணி போர்த்திக் கொண்டுபோனேன். அவர் துணியை விலக்கிப் பார்த்தார். 

"அம்மாயி, இது ஏ ஊரு மலை?" என்றார்.

நம்ம மலைதான் என்றேன்.

"நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேர்ந்து இந்த வாசல்ல தண்ணி தெளிக்கேன். மலையப் பாத்துத்தான் நிக்கேன். வெயிலு என் முதுகுலல்லா சுடுது. ஒனக்கு மட்டும் சூரியன் மலைக்குள்ளேர்ந்து எப்படி எந்திரிச்சான்?"

 நம் ஊர்களுக்கு மலை மேற்கே இருக்கிறது. அங்கே சூரியன் இறங்கும், ஏறாது. இது கைக்குழந்தைக்குக் கூடத் தெரியும். அங்கேயே பிறந்து, அந்த மலையைப் பார்த்தே வளர்ந்த நான், அத்தனை திரையிலும் சூரியனை மேற்கே உதிக்க வைத்திருக்கிறேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

படத்தை அதே ரிக்ஷாவில் திருப்பிக் கொண்டுவந்தேன். மறுநாள் விடிவதற்கு முன்னால் கண்மாய்க் கரையில் போய் நின்றேன். முதலில் மலை முழுக்க ஒரே சாம்பல் நீலம். பிறகு உச்சியில் மட்டும் ஒரு கீற்று, வெங்காயத் தோல் நிறத்தில். அது படியிறங்குகிற ஆள் மாதிரி நிதானமாக ஒவ்வொரு மடிப்பாகக் கீழே வந்தது. அடிவாரத்துக்கு வருகிறபோது என் பிடரி சுட ஆரம்பித்தது. அதைத்தான் புதிதாக வரைந்தேன். அந்தப் படத்தில் சூரியன் இல்லை. படம் முழுக்க அதன் வேலைதான் இருந்தது.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "போட்டோ எடுக்க வாரவன் திசையவா பாக்கான்? அவன் மூஞ்சியப் பாக்கான்" என்றார். அவர் சொன்னது அவர் தொழிலுக்குச் சரி. ஆள் நிற்க இடம் விட்டு வரைந்தவர் அவர். எனக்கு மலை நிற்க இடம் வேண்டியிருந்தது. அந்த மாசமே விலகிக்கொண்டேன். இரண்டாவது படத்தைக் கொண்டுபோனபோது அந்த வீட்டம்மா நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆணி அடிக்க ஆள் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடத்துக்கு வந்தது தற்செயல். ஆண்டு விழா மேடைக்குப் பின்திரை வரைய என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் வகுப்பை விட்டு வந்து சுற்றி நின்றதைத் தாளாளர் பார்த்தார். எம்புட்டு படிச்சிருக்க என்று கேட்டார். அஞ்சு என்றேன். படம் போட அது போதும் என்று சொல்லி, பதிவேட்டில் ஓவிய ஆசிரியை என்று எழுதச் சொன்னார். ஆறு வருஷம் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

காலை பஸ்ஸில் பெண்கள் சீட்டு இடது பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது மலையும் இடது பக்கம். இதை விட ஒரு டிராயிங் டீச்சருக்கு அரசாங்கம் என்ன செய்துவிட முடியும்? ஜன்னலோரம் உட்கார்ந்து அன்றைய மலையைப் பார்த்து வைத்துக்கொள்வேன், முதல் பீரியடில் கலர் சாக்பீஸால் போர்டில் போடுவேன். சாயங்காலம் திரும்பும்போது என் சீட்டு கிழக்கே திரும்பிவிடும். நான் வரைந்ததில் அந்தி மலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். கேட்கிறவர்களுக்கு வேறு பெரிய காரணம் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியும், ஆசிரியர்கள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பாடக்குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு எழுத வராது. பஸ் போர்டு வாசிப்பேன், பேர் எழுதுவேன். அதற்கு மேல் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பெல் அடித்துவிடும். அதனால் வரைந்து கொடுத்தேன். பக்கத்துக்கு நாலு கட்டம். வாழை இலைப் பாடம் என்றால் முதல் கட்டத்தில் நடு நரம்பு மட்டும். அடுத்ததில் ஓரம். அடுத்ததில் கிழிசல். நாலாவது கட்டத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தப்பை வரைந்து, குறுக்கே ஒரு பெருக்கல் குறி. அப்போது இருந்த தலைமையாசிரியை நல்ல மனுஷி. வாழை இலைக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "சோறு எப்ப வரும் டீச்சர்?" என்று கேட்டார்.

பிறகு அங்கீகாரம் புதுப்பிக்கிற வருஷம் வந்தது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார் என்றதும் அந்த நல்ல மனுஷிக்கே முகம் மாறிவிட்டது. என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் டீச்சர் சண்முகத்தாய் எனக்குத் தங்கை மாதிரி. அவள் மத்தியான இடைவேளையில் வந்தாள்.

"அக்கா, இப்படிப் படமா இருந்தா அவிய சிரிப்பாவ. நான் எழுதித் தாரேன்."

சரி என்றேன். ஒரு வாரம் உட்கார்ந்து, எங்கிருந்தோ ஒரு பழைய வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து, வருஷம் முழுமைக்கும் மணிமணியாக எழுதிக் கொடுத்தாள். பேருக்கு நேரே என் பேர். நான் அதை வாங்கி மேஜையில் வைத்தேன். என்ன எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டு என்று அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கமாக இருந்தது. என் இருபத்தாறு வருஷத்தில் நான் வெட்கப்பட வேண்டியது அந்த வெட்கத்துக்குத்தான்.

ஆய்வு அன்று முதல் பீரியட், ஆறாம் வகுப்பு. அந்த வகுப்பில் போர்டு மேற்குச் சுவரில். போர்டுக்கு இரண்டு பக்கமும் ஜன்னல், ஜன்னலில் மலை. பிள்ளைகளுக்குப் பின்னால் கிழக்கு ஜன்னல். நான் வழக்கம்போல அன்று காலை பஸ்ஸில் பார்த்த மலையைப் போர்டில் போட்டிருந்தேன். உச்சியில் ரோஸ், கீழே நீலம், முன்னால் கண்மாய்த் தண்ணீர். அதிகாரி உள்ளே வந்தார். பின்னால் தலைமையாசிரியை. அதிகாரி பாடக்குறிப்பைத் திறந்தார், வாசித்தார், போர்டைப் பார்த்தார், மறுபடி வாசித்தார்.

"சூரியோதயம்னு எழுதியிருக்கீங்க. இரு மலைகளுக்கு நடுவே உதிக்கும் சூரியன். சூரியன் எங்கம்மா?"

சண்முகத்தாய் எழுதியிருந்தது அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். மாஸ்டருடைய சூரியன், எத்தனையோ வருஷம் கழித்து, என் பேரைப் போட்டுக்கொண்டு என் நோட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். நீங்களும் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும்.

சாக்பீஸ் பெட்டியில் மஞ்சள் இருந்தது. தலைமையாசிரியை அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நின்று விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். போட்டுவிடு என்று அர்த்தம். போட்டுவிட்டால் நோட்டும் போர்டும் ஒத்துப்போகும், அதிகாரி அடுத்த வகுப்புக்குப் போய்விடுவார், என் வேலை தப்பிக்கும். போடாவிட்டால் அடுத்த கேள்வி இந்த நோட்டை எழுதியது யார் என்பது. அதற்கு அடுத்தது நீ என்ன படித்திருக்கிறாய் என்பது. அந்தச் சம்பளத்தில்தான் என் வீடு நடந்தது. இதெல்லாம் எனக்கு அந்த நிமிஷத்தில் நன்றாகவே தெரியும். தைரியசாலிக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

மஞ்சளைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்போது பிள்ளைகளைப் பார்த்தேன். வருஷம் முழுக்க, மலைக்கு நடுவில் சூரியன் வைத்தவர்களையெல்லாம் எழுப்பி ஜன்னல் பக்கம் கூட்டிப்போய், எங்கே காட்டு என்று கேட்டவள் நான். அதில் ஒரு பிள்ளை அழுதுகூட இருக்கிறது. இப்போது நாற்பது பேரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாக்பீஸைப் பெட்டியில் வைத்தேன்.

"அய்யா, சூரியன் உங்களுக்குப் பின்னால இருக்கு" என்றேன்.

அவர் திரும்பினார். கிழக்கு ஜன்னல் வழியாக வந்த வெயில் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. திரும்பியதும் முகத்தில் அடித்தது. கண்ணைச் சுருக்கினார். பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள், பிறகு வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். மறுபடி மலைப் பக்கம் பார்த்து, ஆமா என்று தலையாட்டினார். அதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அப்போ இதை ஏம்மா இப்படி எழுதினீங்க?"

கேட்பார் என்று தெரியும். சண்முகத்தாய் பேரைச் சொன்னால் அவள் பாடு திண்டாட்டம். நான்தான் எழுதினேன் என்றால் நான் மலையைத் தெரியாதவள் ஆகிவிடுவேன். அது மட்டும் முடியாது.

"அது என் எழுத்து இல்ல. யாருன்னு கேக்காதீங்க. எனக்கு அம்புட்டு எழுத வராது. நான் அஞ்சாவது. என் நோட்டு இதுதான்" என்று பைக்குள் இருந்த படநோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

நின்றபடியே பக்கம் பக்கமாகப் பார்த்தார். வாழை இலையில் சிரித்தார். ஆட்டுக்குட்டியின் கால் மடங்குகிற பாடத்தில் வெகுநேரம் நின்றார். "நல்லாயிருக்கும்மா, ரொம்ப நல்லாயிருக்கு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஆபீஸ் அறையில் டீ குடித்தார், ஆய்வுப் பதிவேட்டில் எழுதினார், சீல் வைத்தார், போனார். பள்ளிக்கு அங்கீகாரம் கிடைத்தது. பதிவேட்டில் என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானாக ஒன்று நினைத்துக்கொண்டேன். அவர் சிரிப்பை நம்பி நல்லதாகவே நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது, கோபத்திலா வருத்தத்திலா தெரியவில்லை.

"ஒரு வட்டம் போட்டிருந்தா ஒங்க கை தேஞ்சா போயிருக்கும்?"

"கை தேயாது டீச்சர். பொறவு அந்தக் கையால பிள்ளைகளுக்கு என்னத்தக் காட்ட?" என்றேன்.

தாளாளர் முடிவு செய்துவிட்டிருந்தார். பதிவேட்டில் இனிமேல் நான் ஆயா. சம்மதம் என்றால் கையெழுத்துப் போடலாம், இல்லை என்றால் வர வேண்டாம். வீட்டுக்குப் போனால் என் மானம் மிஞ்சும், டிராயிங் பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைகள் மறுபடி சூரியனை மேற்கே உதிக்க வைப்பார்கள். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டுச் சொன்னேன்: பெல் அடிக்க மாட்டேன், டீ வாங்கப் போக மாட்டேன், என் பீரியடை ஒருத்தருக்கும் தர மாட்டேன். பேரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், போர்டு என்னுடையது.

இருபது வருஷம் அப்படியே நடந்தது. காகிதத்தில் ஆயா, வகுப்பில் டீச்சர். கணக்கு வாத்தியார் ஒருவர், "ஆயாகிட்ட போய்ப் பீரியட் கேக்க வேண்டியிருக்கு" என்று என் காதுபடவே சொன்னார். கேட்டும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கான்சாபுரம் பக்கம் வயல் வரப்பில் உட்கார்ந்து எனக்காக வரைந்தேன். ஒரு தடவை மாடு மேய்க்கிறவர் வெகுநேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மாட்ட விட்டுட்டியேம்மா" என்று குறைப்பட்டார். அவருக்காக இரண்டு மாடு வைத்தேன். அவை அங்கே நிஜமாகவே நின்றன.

இன்னொன்றும் செய்தேன். மத்தியான இடைவேளையில் சண்முகத்தாயை உட்கார வைத்து எழுதப் படிக்கக் கற்றேன். அவள் தான் செய்ததற்கு அழுதாள். அழாதே, சொல்லிக் கொடு என்றேன். எழுத்தையும் படம் மாதிரியே வரைந்து பழகினேன். "அக்கா, ஒங்க எழுத்துக்கு நெழலு மட்டுந்தான் பாக்கி" என்பாள்.

ஓய்வு பெறுகிற அன்று சால்வை போட்டார்கள். புதுத் தலைமையாசிரியர், வயசு குறைந்தவர், நன்றாகப் பேசினார். ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வாங்கி அங்கேயே வாசித்தேன். இருபது ஆண்டுகள் ஆயாவாகச் சிறப்பாகப் பணியாற்றினார் என்று இருந்தது. முதல் ஆறு வருஷத்தையே காணோம்.  அந்தப் பழைய ஆய்வுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். அதில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, அப்போது வாசிக்கத் தெரியாது, இப்போது தெரியும் என்றேன்.

தேடிக் கொண்டுவந்தார்கள். பக்கத்தைக் கண்டுபிடித்து, எல்லோர் முன்னாலும் விரல் வைத்து, சத்தமாக வாசித்தேன்.

"ஓவிய ஆசிரியைக்கு எழுத்தறிவு போதாது. தகுதியான ஒருவரை நியமிக்கவும்."

அவ்வளவுதான். பக்கத்தில் ஊதா நிறத்தில் ரவுண்டு சீல். மலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆட்டுக்குட்டியைப் பற்றி இல்லை.  சண்முகத்தாய், அவளுக்கும் தலை நரைத்துவிட்டது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷம் அந்த மனுஷன் சிரிப்பை ஒரு சான்றிதழ் மாதிரி வைத்திருந்தேன். அது இல்லாமலே வேலை நடந்திருக்கிறது. என்னை மாற்றச் சொல்லி எழுதியும் ஒருவரும் மாற்றவில்லை, ஏனென்றால் ஆயா சம்பளத்துக்கு வருகிற தகுதியான ஆள் எந்த ஊரிலும் இல்லை. அவர் எழுதியதில் முதல் பாதி பொய் இல்லை. அன்றைக்கு என் எழுத்து போதாதுதான். தகுதி பற்றி எழுதியதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தலைமையாசிரியரிடம் பேனா கேட்டேன். சால்வைக்கு நன்றி எழுதப் போகிறேன் என்று நினைத்துக் கொடுத்துவிட்டார். அந்த வரிக்குக் கீழே, விரலளவு இடத்தில், மலையை வரைந்தேன். காலை மலை. உச்சி வெறும் வெள்ளையாக, மடிப்புகளில் நிழல், அடியில் கண்மாய். ஆரம்பிக்கும்போதே சீல் ஒரு தொல்லையாக இருந்தது. சரியாக இரண்டு முகடுகளுக்கு நடுவில் வருகிற மாதிரி அந்த வட்டம் உட்கார்ந்திருந்தது. மலையைத் தள்ளிப் போட்டேன். அதற்குக் கீழே என் எழுத்தில், "பேச்சியம்மாள், டிராயிங் டீச்சர், இருபத்தாறு வருஷம்" என்று எழுதினேன்.

புதியவர் எட்டிப் பார்த்து, "அரசாங்கப் பதிவேடும்மா இது" என்றார்.

"அதுக்குத்தான் இதுல போட்டேன்" என்றேன்.

அது அந்தப் பள்ளிக்கூட அலமாரியில்தான் இருக்கிறது. உங்களில் யாராவது அங்கே வேலைக்குப் போனால் எடுத்துப் பாருங்கள். பேனாவில் வரைந்தது. ரப்பர் போட்டால் தாள்தான் கிழியும்.